முத்துச்செல்வி சோதித்த சிவப்பு மை

சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் முத்துச்செல்வி. நாங்குநேரியிலிருந்து ஒரகடத்துக்கு வந்து, செல்போன் கம்பெனி ஒன்றில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். எக்ஸ்ரே மிஷினுக்குள் பொருளை வைத்து மூடினால் ஈயம், காட்மியம், பாதரசம் எவ்வளவு இருக்கிறதென்று திரையில் எண் வரும். கீழே ‘ஓகே’ அல்லது ‘ஃபெயில்’ என்று வரும். நாள் முழுக்க இதையே பார்த்துப் பார்த்து, மண்ணூர் ஹாஸ்டலில் சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சந்தேகத்தோடுதான் எடுப்பாள்.

அதே கம்பெனியில் வேலை பார்த்து, அவளோடு அறையில் இருந்த கவியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மாசானத்தின் பெயரைக் கையில் சிவப்பு மையில் பச்சை குத்திக்கொள்ள ஆசை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டாட்டூ கடை வைத்திருந்த இளம்பரிதியிடம் கெஞ்சிக் கொஞ்சம் மை வாங்கி வந்தாள்.

“ஏட்டி, ஊரு உலகத்தையெல்லாம் சோதிக்கியே, இதையும் பாத்துச் சொல்லு. நீ சரின்னாத்தான் குத்துவேன்.”

சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் முத்துச்செல்வி மையை மிஷினில் வைத்தாள். ஓகே வந்தது. கேன்டீனில் கவியாவிடம் சொன்னாள். கவியாவுக்குக் காலை ஷிப்ட். முடிந்ததும் நேரே கடைக்குப் பறந்துவிட்டாள்.

பிற்பகலில் போன் பொத்தான்கள் சோதனைக்கு வந்தன. ஈயத்தின் எண் கிட்டத்தட்ட மையில் வந்த அதே எண். இதற்கும் ஓகே. முத்துச்செல்வி திரையை மறுபடியும் பார்த்தாள். போனுக்கென்று வைத்த வரம்பல்லவா இது! பொத்தான் போனில் கிடக்கும். மை கவியாவின் தோலுக்குள் அல்லவா கிடக்கப்போகிறது, சாகும்வரை! அட பாவி மகளே, இதை யோசிக்காமல் என்ன சோதனை செய்தாய்?

லாக்கரிலிருந்து போனை எடுத்துக் கூப்பிட்டாள். கவியா எடுக்கவில்லை. வயிற்றுவலி என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லி, ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினாள். வழியெல்லாம் லாரி. ஆட்டோவை இறங்கித் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

கடைக்குள் நுழைந்தபோது கவியாவின் கையில் ‘மாசா’ வரை முடிந்திருந்தது.

“நிறுத்துங்கண்ணே!”

“இன்னாமா இது? நீ டெஸ்ட் பண்ணி ஓகே சொன்னேன்னுதானே இந்தப் பொண்ணு வந்துச்சு?”

“அது போனுக்கு ஓகேண்ணே. உடம்புக்கு எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது.”

“இன்னும் ரெண்டே எழுத்துதான் கீது. பாதியில வுட்டா அசிங்கமா இருக்கும்மா.”

கவியா கையை இழுத்துக்கொண்டாள். “அவ வேண்டாம்னா வேண்டாம்ணே.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட முத்துச்செல்விக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவே இல்லை.

அதன்பிறகு காலையில் பல் தேய்க்குமுன் கவியாவின் கையை ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்ப்பதே முத்துச்செல்விக்கு வேலையாகிப்போனது. வீக்கமில்லை, தடிப்பில்லை. ஆனாலும் மறுநாளும் பார்த்தாள்.

“போதும்ட்டி, கை வலிக்கி,” என்று ஒருநாள் சிரித்தாள் கவியா. “ஓகேன்னு சொல்லிட்டு விடு.”

முத்துச்செல்வி வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.