மிளகுக் கிடங்கில் வரைந்த மூன்று படங்கள்

இது கட்டிச் சொன்ன கதை அல்ல. பொன்னம்மாளுக்கு நடந்தது. கடைசிவரை இதில் ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றிச் சொன்னதில்லை.

1938, கார்த்திகை மாதம். கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மலைமேல் செம்மேட்டில் விஷக்காய்ச்சல் புகுந்து இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது. பாதி வீடுகளில் பூட்டு. மிச்சம் இருந்தவர்களும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில்தான் பொன்னம்மாளும் அவள் கணவன் அர்த்தனாரியும் சங்கம் நடத்தினார்கள். மலைமக்கள் கலை அறிவுச் சங்கம். பத்திரிகை வாசிப்பு, விவாதம், பாட்டு, படம். எல்லாம் இலவசம்.

"காய்ச்சலுக்குக் கசாயம் இல்லாத ஊர்ல படம் எதுக்குங்க?" என்று கேலி பேசுவார்கள்.

"உசுரோட இருக்க மருந்து வேணும், சரி. ஊரோட இருக்க ஒரு காரணம் வேணாமா?" என்று அர்த்தனாரி சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பொன்னம்மாள் சேலத்தை விட்டு மலையேறி வந்தாள்.

சங்கம் நடந்த இடம் பழைய மிளகுக் கிடங்கு. பேளுக்குறிச்சியில் குடியிருக்கும் தோட்ட முதலாளி காளியண்ணன் இரவல் கொடுத்தது. ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாகத்தான் வெளிச்சம். சந்தை நாளன்று அவர் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். உருப்படியாக ஏதாவது நடந்தால் சங்கம் இருக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் மிளகு மூட்டைதான்.

சந்தைக்கு முந்தின நாள். அர்த்தனாரி ஆள் திரட்டப் பக்கத்து ஊரான சோளக்காட்டுக்குப் போயிருந்தார். பட வகுப்புக்கு வந்தவர்கள் மூன்றே பேர். முத்தன், குப்பாயி, பெருமாயி. நடுவில் முக்காலி போட்டு, பொன்னம்மாள் அதன்மேல் ஓர் அரசாணிக்காயை, உருண்டைப் பரங்கிக்காயை, வைத்தாள்.

"இதை வரையறதுக்குப் பதிலா புளிக்குழம்பு வெச்சா ஊரே திரும்பி வந்துரும் அம்மிணி" என்றான் முத்தன்.

"உன்ர வாயை மூட்டை கட்டி வெச்சுட்டு வரைடா" என்றாள் குப்பாயி.

"கண்ணுக்கு எது தெரியுதோ அதை மட்டும் போடுங்க. மனசுல இருக்கறது வேண்டாம்" என்றாள் பொன்னம்மாள். அவள் எப்போதும் சொல்வது அது.

முத்தன் இடப்பக்கம். குப்பாயி வலப்பக்கம். கதவுப் பக்கமாகப் பெருமாயி. அவளுக்குப் பின்னால், சுவரோரம், பொன்னம்மாள்.

மணி நாலு இருக்கும். மூடுபனியாக மஞ்சு இறங்கியது.

கதவு வழியாகப் புகை மாதிரி நுழைந்தது. முக்காலி மங்கியது. பிறகு மறைந்தே போனது. பொன்னம்மாளுக்கு மூன்று பேரின் முதுகும் தோளும் மட்டும் நிழலாகத் தெரிந்தன.

"ஒண்ணும் தெரியலையே. நிறுத்திக்கலாமா?"

"நல்லாத் தெரியுதுங்களே" என்றாள் பெருமாயி.

சர்ர்க்... சர்ர்க்... கரித்துண்டு காகிதத்தில் ஓடும் சத்தம். மூன்று பேரும் பேசவே இல்லை. வாய் ஓயாத முத்தன்கூட.

பொன்னம்மாளின் பிடரி சில்லென்றது. மஞ்சுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"போதும்" என்றாள் சத்தமாக.

கரித்துண்டுகள் நின்றன. பெருமாயியுடையது மட்டும் நிற்கவில்லை. அவசரமாக எதையோ அழித்து, மறுபடி வரைந்தது.

பொன்னம்மாள் லாந்தரை ஏற்றினாள். முக்காலிமேல் அரசாணிக்காய் இருந்தது. வைத்தபடியே.

முத்தனின் படத்தை வாங்கினாள்.

முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கத் தோற்றம். தலை குனிந்து, முகத்தைக் கூந்தல் மறைத்திருந்தது. மடியில் அரசாணிக்காய்.

"முத்தா... யாரு இது?"

"நீங்க உக்கார வெச்ச புள்ளைதானுங்க."

குப்பாயியின் படம். அதே பெண். வலப்பக்கம். காயை அணைத்த கை. மெலிந்த விரல்கள்.

பெருமாயி கடைசியாக நீட்டினாள்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து முதுகுதான் தெரிய வேண்டும்.

முகம் இருந்தது.

அகன்ற கண்கள். திறந்த வாய்.

"நீங்க 'போதும்'னு சொன்னீங்கள்ல... அப்பத் திரும்பிப் பார்த்தாங்க."

"உன்னையா?"

"இல்லீங்க. உங்க பக்கம்."

நாலு பேரும் முக்காலியைப் பார்த்தார்கள்.

"எங்கீங்க போனாங்க?" என்றான் முத்தன்.

கதவு ஒன்றுதான். பொன்னம்மாளைத் தாண்டி யாரும் போகவில்லை.

இரவு விஷயத்தைக் கேட்ட அர்த்தனாரி அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "மஞ்சுல கண்ணு மயங்கும் பொன்னு. ஆனா இவ்வளவு நல்ல படம் இவங்க இதுவரைக்கும் போட்டதில்லை." அவள் கெஞ்சியும் கேட்காமல் மூன்றையும் சுவரில் மாட்டினார்.

காளியண்ணன் மறுநாள் வந்தார். பத்திரிகைகளைப் புரட்டினார். கொட்டாவி விட்டார். படங்களின் முன் நின்றார்.

நின்றவர் நகரவில்லை.

"அத்தாயி..." என்றார். "என்ர தங்கச்சி. காய்ச்சல்ல கால் விழுந்து ரெண்டு வருசமாப் படுக்கை. எப்பங்க கீழ வந்து பார்த்தீங்க? உக்கார வெச்சே படம் எழுதிட்டீங்களே!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கட்டடம் இனி உங்களுதுங்க."

அர்த்தனாரி மனைவியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் சங்கம் போய்விடும். பொன்னம்மாள் தலை குனிந்து நின்றாள்.

பேசாமல் இருந்தது நெஞ்சை உறுத்தியது. நாலாம் நாள் விடியலில் குப்பாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பேளுக்குறிச்சிக்கு இறங்கினாள்.

கட்டிலில் கிடந்தாள் அத்தாயி. அதே முகம். பொன்னம்மாளைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல் சாய்ந்தாள்.

"நீங்களா! கனவுல பார்த்தேனுங்க. ஒரே மஞ்சு. என்ர மடியில அரசாணிக்காய். சுத்தி மூணு பேரு படம் எழுதிட்டு இருந்தாங்க. நீங்க சுவரோரமா நின்னீங்க."

பொன்னம்மாள் கட்டிலருகே குனிந்தாள். "எதுக்குக் கண்ணு என்னை அப்படிப் பார்த்தே?"

"உங்களைப் பார்க்கலீங்க."

"பின்னே?"

"உங்களுக்குப் பின்னால நின்னதை. கூவிக் கூவிப் பார்த்தேன். சத்தமே வரலை."

"எனக்குப் பின்னால... சுவர்தானே இருந்துச்சு?"

"ஆமாங்க. சுவத்துக்கும் உங்களுக்கும் நடுவுல."

வெளியே எங்கோ மாடு கத்தியது. அத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இப்ப உங்ககூட வரலை. அந்தக் கட்டடத்தை விட்டு அது வராதுங்க."

அர்த்தனாரி அன்று சங்கத்தைத் திறக்கத் தனியாகப் போயிருந்தார்.

பொன்னம்மாள் மலையேறினாள். குப்பாயி கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. செம்மேட்டை எட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது.

கிடங்குக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு.

அர்த்தனாரி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம்.

"வா பொன்னு. இன்னைக்கு ஏழு பேரு வந்தாங்க தெரியுமா? ஊரு திரும்புது!"

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க. வெளிய வாங்க."

"இரு, இரு. வரையறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு நானே இதுல உக்கார்ந்தேன். இதைப் பாரு."

ஏழு தாள்களையும் அவள் முன் விரித்துவிட்டு, குழந்தை மாதிரிக் கேட்டார்.

"நான் ஒருத்தன்தானே உக்கார்ந்தேன்... எதுக்கு எல்லாரும் ரெண்டு பேரைப் போட்டிருக்காங்க?"