கதவுக்கு வெளியே ‘ஆமி’

எதிர்வீட்டு ஐயா சினிமாக்காரர் என்பது அவர் படியில் விழுந்து கை முறித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவர் விழுந்ததற்குக் காரணம் நான்.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். மொன்றியலில் எங்களுக்கு அது மூன்றாவது குளிர்காலம். என் மனுசருக்கு டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. விடிய மெட்ரோ பிடித்துப் போனால் பின்னேரம்தான் வருவார். மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. பகலில் வீட்டில் நான் ஒருத்திதான்.

எதிர்க்கதவில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. புருசனும் பெண்சாதியும் வேலைக்குப் போகிறவர்கள். அந்த வருடம் இலை கொட்டும் காலத்தில் பெண்ணின் தகப்பனார் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்தார். நல்ல உயரம். எழுபது வயதுக்கு மேலே இருக்கும், தலைமயிர் மட்டும் கன்னங்கரேலென்று மை பூசியிருக்கும். பத்து மணியானால் சுவருக்கு அப்பால் அவர் அதட்டுவது கேட்கும். யாரையோ நிறுத்திவைத்து விசாரிப்பதுபோல இருக்கும். பதில் சொல்கிற குரல் மட்டும் கேட்காது.

“அந்தாளுக்கு மண்டை சரியில்லைப் போல கிடக்கப்பா” என்றேன் மனுசரிடம்.

“நீயும் பகல் முழுக்கத் தனிய நிண்டு செபம் சொல்லுறாய்தானே. அந்தாள் உன்னைப் பற்றி என்ன சொல்லுதோ!”

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கதவில் உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். அதோடு அந்தக் கனத்த குரல்.

“ஆமி! ஆமி!”

எங்கள் பக்கத்தில் இராணுவத்தை ஆமி என்றுதான் சொல்வோம். என் தம்பியை ஆமி கொண்டுபோனதும் இப்படி ஒரு காலை நேரத்தில்தான். தட்டினார்கள். போய்க் கதவைத் திறந்தவள் நான். அவன் இன்றுவரை வரவில்லை.

மொன்றியலுக்கு ஆமி எப்படி வரும் என்று யோசிக்கிற புத்தி அந்த நேரம் இருக்கவில்லை. அடுப்பை நிறுத்தினேன். செபமாலையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். “ஆமி… ஆமி…” என்று இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மாதாவே காப்பாற்றிவிட்டா என்று நினைத்தேன்.

அம்புலன்ஸ் சத்தத்துக்குத்தான் வெளியே வந்து யன்னலால் பார்த்தேன். தெருவுக்கு இறங்கும் இரும்புப் படியில் முதல் நாள் மழை உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. அதன் அடியில் ஐயா. இடுப்பில் சாரம், காலில் ஒற்றைச் செருப்பு. குப்பைப் பையை வெளியே வைக்க வந்திருக்கிறார், கதவு தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. என் கதவும் திறக்காததால், கட்டடம் பார்க்கிற ஆளைத் தேடி இறங்கியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அவருடைய மகள் வந்தாள். இங்கிலீஷில் கேட்டாள்: “அப்பா உங்கள் கதவைத் தட்டினாராம். நீங்கள் வீட்டில் இல்லையா?”

“கடைக்குப் போயிட்டன்” என்றேன். வாய் கூசாமல் வந்துவிட்டது அந்தப் பொய்.

அவள் வாசலிலேயே நின்று அழுதாள். இனி அவரைத் தனியே விட முடியாதாம். லவாலில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறார்களாம். “அங்கே எல்லாம் பிரெஞ்சு. அப்பாவுக்கு ஒரு சொல்லும் வராது. கதைக்க ஆளில்லாவிட்டால் அவர் இருக்கமாட்டார்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அப்பம் கொடுக்கும்போது நான் நன்மை எடுக்கப் போகவில்லை. பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி எடுப்பது? வெளியே வந்ததும் மனுசர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பனியைக் காலால் தட்டிவிட்டார்.

“இதை என்னட்டச் சொல்லி என்னப்பா பிரயோசனம்? அந்தாளிட்டச் சொல்லு.”

அன்று பின்னேரமே மீன் குழம்புச் சட்டியோடு மகளையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ஐயா கட்டுப்போட்ட கையோடு இருந்தார். அவருடைய மகள் தேத்தண்ணி போட்டாள். என் மகளைப் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் கதைக்கவிட்டு, அவர் ஏன் ஆமி ஆமி என்று கத்தினார் என்று கேட்கச் சொன்னேன்.

“கேக்கத் தேவையில்லை அம்மா. பிரெஞ்சில அமி எண்டா சிநேகிதர். சிநேகிதன் வந்திருக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார்.”

மகள் அதை இங்கிலீஷில் சொன்னதும் ஐயா பெரிதாகச் சிரித்தார். பிரெஞ்சு இல்லையாம், வங்காளமாம். நல்ல கையால் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். ‘ஆமி’ என்றால் ‘நான்’. நான்தான், நான்தான், திற என்று கத்தியிருக்கிறார்.

மீதியை மகளிடம் விடாமல் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன். “மை பிரதர். ஆமி. மோர்னிங். ஐ ஓப்பன் டோர்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஐயாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கடைக்குப் போகவில்லை, உள்ளேதான் ஒளித்திருந்தேன் என்று அவருடைய மகளுக்கும் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

ஐயா எழும்பிப்போய் ஒரு அல்பம் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் காக்கிச் சட்டை, தொப்பி, கையில் தடி. எல்லாம் அவர்தான். பதினேழு வயதில் நாடகக் கொம்பனியில் திரை இழுக்கப் போனவராம். முதல் படத்தில் பிணமாகக் கிடந்தார். மூச்சடக்கத் தெரிந்த பெடியன் என்று அடுத்த படத்துக்கும் கூப்பிட்டார்களாம். பிறகு அந்த உயரத்தையும் குரலையும் பார்த்து ஒரு காக்கிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். நாற்பது வருடமாய்க் கழற்ற விடவில்லை.

“எத்தனையோ கதவு உதைத்தேன். எல்லாம் அட்டைக் கதவு, தொட்டால் திறக்கும். காக்கி இல்லாமல் போய்த் தட்டிய கதவுதான் திறக்கவில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு படத்தில் வெள்ளை வேட்டியோடு கமராவுக்குப் பின்னால் நின்றார். தானே எடுத்த படமாம். ஒரு படகோட்டியும் அவன் பெண்சாதியும்தான் கதை. அதில் ஒரு பொலிஸ்காரன்கூட இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். சனம் வரவில்லை. ஒரு கிழமையில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். பிறகு திரும்பவும் காக்கிதான்.

பத்து மணிக்கு நான் கேட்பது அந்தப் பழைய வசனங்கள். மறக்காமல் இருக்கச் சொல்லிப் பார்ப்பாராம். “பிடிபட்டவனின் வசனமும் சொல்வேன். அவன் மெதுவாகத்தானே பேசுவான், உங்களுக்குக் கேட்டிருக்காது.”

வெளிக்கிடும்போது அவருடைய மகளிடம் சொன்னேன்: “நான் பகல் முழுக்க வீட்டிலதான் நிக்கிறன். உங்கட கதவுத் திறப்பு ஒண்டை என்னட்டத் தாங்கோ. லவாலுக்கு அனுப்பாதேங்கோ.” என் மகள் அதை இங்கிலீஷில் சொன்னாள்.

“திறப்புத் தருகிறேன். ஆனால் அவர் தட்டினால் நீங்கள் கதவைத் திறப்பீர்களா?”

குழம்புச் சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

லவால் முடிவைத் தள்ளிவைத்து, அவள் இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டுத் தகப்பனோடு நின்றாள். ஐயா அடுத்த நாளே வந்து தட்டினார். “நான்! நான்!” என்றார், என் மகளிடம் கேட்டுப் பழகி. வங்காள வாயில் அது வேறு மாதிரி விழுந்தது. “அம்மா, நாண் ரொட்டி விக்க ஆள் வந்திருக்கு” என்றாள் மகள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவசரம் அந்தரம் வந்தால் யாருக்கும் தன் பாஷைதானே வாயில் வரும்? “உங்கட சொல்லையே சொல்லுங்கோ, நான் பழகிறன்” என்றேன்.

பிறகு தினமும் மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும், அவள் மொழிபெயர்க்க ஒத்திகை. அவர் வெளியே, நான் உள்ளே. தட்டுவார், “ஆமி” என்பார். என் கை பூட்டுவரை போய் நிற்கும். “கட்!” என்பார் வெளியிலிருந்து. “திரும்பவும்.” முதல் நாள் ஐந்து தரம். ஒருதரமும் சரிவரவில்லை.

ஞாயிறு காலை நாங்கள் வெளிக்கிட, எங்கே என்று கேட்டார். பூசைக்கு என்றேன். “பூஜோ!” என்று உள்ளே ஓடி, சால்வையோடு திரும்பி வந்து எங்களோடு கோயிலுக்கு வந்தார். மேளம் எங்கே என்று என் மகளிடம் கேட்டிருக்கிறார். ஆனால் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று “மா” என்று சொல்லிக் கும்பிட்டார். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒத்திகையில் கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னார்: “கையைப் பார்க்காதே. பூட்டைப் பார்க்காதே. வெளியே யார் நிற்கிறார் என்று மட்டும் நினை.”

“தம்பியைத் தவிர வேற ஒருத்தரும் ஞாபகத்துக்கு வருகினமில்லை ஐயா.”

“சரி. தம்பி திரும்பி வந்து தட்டுகிறான் என்று திற.”

திறந்தேன். அவர் “கட்” சொல்லவில்லை.

லீவு முடிகிற வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கதவில் ஒரு தட்டு. “ஆமி.”

குரலைக்கூடக் கவனிக்கவில்லை. ஈரக் கையோடு போய்த் திறந்தேன். நின்றது ஐயாவின் மகள். அவளுக்கும் அதே பாஷைதானே, நினைக்காமல் வாயில் வந்திருக்கிறது. இரண்டாவது தரம் தட்ட மடக்கிய விரல் அந்தரத்தில் நின்றது. மற்றக் கையில் லவாலுக்குக் கையெழுத்து வைக்கிற கடதாசி.

என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து மீன் தண்ணி நிலத்தில் சொட்டுவதைப் பார்த்தாள். கடதாசியை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

“குழம்புச் சட்டியைத் தர வந்தேன்” என்றாள்.

அவள் கையில் சட்டி இருக்கவில்லை.