அக்கா பேசாமல் போன கடைசிக் காட்சி

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு சிவப்புப் பொன்னாடை கிடக்கிறது. ஜரிகைக் கரை போட்டது. நான் அதைப் போர்த்திக்கொண்டு எங்கும் போனதில்லை, யாருக்கும் தூக்கிக் கொடுத்ததும் இல்லை. ஒரே ஒரு தடவை துவைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும், வயிறு எரியும். ஒரு நாடகத்தைக் கொன்ற துணி அது.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ் அமைப்பின் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூட டீச்சர். அதனால் இயக்கத் தெரியும் என்று செயலாளரே முடிவு செய்துவிட்டார். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று மூன்று மகன்கள் விடிய விடியப் பேசுகிற கதை. அம்மா நாடகம் முழுக்க மேடையிலேயே இருப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். கடைசிக் காட்சியில்தான் வாய் திறப்பாள். அதற்காகத்தான் அந்த நாடகத்தையே நான் எழுதினேன். அம்மாவாக நடித்தவர் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அக்கா. தமிழ்நாட்டு எல்லையில் களியக்காவிளைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர்.

ஒத்திகை என்னைப் பாடாய்ப் படுத்தியது. மூத்த மகனாக நடித்த வங்கிக்காரர் வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்ப்பார். இளைய மகனாக நடித்த கல்லூரிக்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவனுக்கு வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவன் பேசினால் கோபம்கூட நீட்டி இழுத்துக்கொண்டு வரும். ஒருநாள் பிரதியை வீசியெறிந்துவிட்டு பஸ் ஏறிப் போனேன். மறுநாள் வெட்கங்கெட்டு நானே முதல் ஆளாக வந்து நின்றேன். அக்காவுக்காகத்தான் வந்தேன். நாள் முழுக்க உட்கார விடாத கடை அது. வீங்கிய காலோடு வருவார், ஒரு நாள்கூடத் தவறமாட்டார். அந்தக் கடைசி வசனத்தை அவர் முதன்முதலாகப் பேசிய சாயங்காலம் இன்னும் காதில் இருக்கிறது. "எல்லாரும் பேசி முடிச்சாச்சா? நான் எங்க இருக்கணும்னு எங்கிட்ட ஒருத்தன் கேட்டானா?" கத்தவில்லை, மெல்லத்தான் கேட்டார். வங்கிக்காரர் அன்றைக்குக் கடிகாரம் பார்க்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

அவருடைய கணவருக்கு இதில் இஷ்டமில்லை. "இந்த ஒரு தடவைதான்னு சொல்லியிருக்கு டீச்சர். எங்க வீட்டுக்காரங்க முன்னால இருந்து பாப்பாங்க. அந்தப் பேச்ச அவங்க கேக்கணும்" என்றார் அக்கா. அதற்குமேல் அவர் எதுவும் ஆசைப்படவில்லை.

விழாவன்று சிறப்பு விருந்தினர் வரத் தாமதம் என்று நாடகத்தை முதலில் தொடங்கச் சொன்னார்கள். கல்லூரிக்காரன்கூடச் சொதப்பவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசிக் காட்சி வந்தது. மூலையில் இருந்த அக்கா எழுந்தார், முன்னால் வந்தார், மூச்சை இழுத்தார். அப்போது ஹால் விளக்குகளெல்லாம் எரிந்தன. செயலாளர் மைக்கோடு மேடையேறினார். "விருந்தினர் வந்துட்டாங்க. சாருக்குத் தம்பானூர் ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நேரமாச்சு. அதனால நாடகத்துக்கு ஒரு சின்ன இடைவேளை."

எங்கள் விழாக்களில் எது நின்றாலும் பொன்னாடை நிற்காது. அவருக்கு இவர் போர்த்த, இவருக்கு அவர் போர்த்த, என்னையும் கையைப் பிடித்து இழுத்துவந்து போர்த்தினார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டுமே என்று அக்கா அதே இடத்தில், அதே முகத்தோடு அசையாமல் நின்றார். அவர் தோளிலும் ஒன்று விழுந்தது. அப்போதும் கை கூப்பவில்லை. "என்ன ஒரு அடக்கம்" என்று விருந்தினர் மைக்கிலேயே மெச்சினார். சபை கைதட்டியது.

பொன்னாடை முடிந்தால் நன்றியுரை, நன்றியுரை முடிந்தால் தேசிய கீதம். செயலாளரின் வாய் காலகாலமாக ஓடிப் பழகிய வழி அது. நான் "சார், சார்" என்று ஓடுவதற்குள் பாடத் தொடங்கிவிட்டார். சபை எழுந்துவிட்டது. தேசிய கீதத்துக்கு நடுவில் யார் என்ன பேச முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு நானும் நின்றேன். பாடி முடிந்ததும் ஜனம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனது. அக்காவின் கணவர் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

செயலாளரைப் பிடித்துக் கத்தினேன். "அட, முடியலியா? நான் முடிஞ்சிட்டுன்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு, "சாரமில்ல, விடுங்க டீச்சரே. எல்லாம் பாத்தாச்சு, ஒரு டயலாக்தானே பாக்கி? அடுத்த வருஷம் சேத்துக்கலாம்." ஒரு டயலாக்தானாம். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு கணவரோடு ஆட்டோவில் ஏறினார். அதன்பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. நானும் அவர்களுக்கு நாடகம் போடவில்லை.

சில வருஷம் கழித்து அதே செயலாளர் போன் செய்தார். அந்த வருஷ விழாவில் எனக்கு மரியாதை செய்யப்போகிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடையில் அக்கா பொன்னாடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அமைப்பின் விழாத் துணிகள் எப்போதும் அந்தக் கடையிலிருந்துதான் போகும். எடுத்துக் கொடுப்பது அக்காதான்.

"செக்ரட்டரிக்குத்தான் இதெல்லாம். விழா வருதுல்லா" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சாயம் போறதாப் பாத்துதான் எடுத்து வைக்கேன் டீச்சர். அந்த வருஷத்துலேர்ந்து அப்பிடித்தான். எல்லாம் வெள்ளச் சட்டக்காரங்க. கொஞ்சம் வேத்தாப் போதும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இந்த வருஷம் எனக்கும் ஒண்ணு உண்டாம் அக்கா."

அடுக்கிய கை நின்றது. "அப்ப ஒண்ண மாத்தணுமே."

"மாத்த வேண்டாம். நான் போகப்போறதில்ல."

"மிச்சம் வந்தா செக்ரட்டரியே போத்திக்கிடுவாரு" என்று அதையும் கட்டோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

படியிறங்கும்போது கேட்டேன், "அன்னைக்கு எனக்குப் போத்தினது?"

"அது நாடகம் போடுற டீச்சருக்குன்னு நான் தனியாத் தேடி எடுத்து வச்சது. துவைச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன், கசக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குக் கோபம் ஆறியிருக்க வேண்டும். இன்னும் கூடித்தான் போனது. எனக்கென்று இதைத் தேடி எடுத்து வைத்த மனுஷியைத்தான் ஒரு வார்த்தை பேச விடாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.