கேசட்டில் வந்த தெருக்கள்

1977 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். செங்கல்பட்டு ரயிலடி. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பிறந்த ஊரில் கால் வைத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் தொப்பியையும் பெட்டியையும் பார்த்த ரிக்‌ஷாக்காரர், "மகாபலிபுரமா சார்? பஸ்ஸு அந்தாண்ட நிக்கிது. ஏறு, வுட்டுடறேன்" என்றார். நான் இந்த ஊர்க்காரன் என்றேன். "வர்றவங்க அல்லாரும் இதான் சொல்றாங்கோ. எங்க போவணும், அத்த சொல்லு." சட்டைப்பையிலிருந்து வழி எழுதிவைத்த நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மலாயாவில் தோட்டத்துக் கிராணியாக முப்பத்தோரு வருஷம் ஆள்கணக்கு எழுதியவன் நான். இப்போது ஓய்வு பெற்று பினாங்கில் இருக்கிறேன். சொந்த ஊரில் வழி கேட்டு நிற்பது எனக்கு வெட்கம். அதனால் திரும்பி வர டிக்கெட் எடுத்தவுடன் தங்கை வள்ளியம்மாளுக்கு எழுதினேன்: நான் அனுப்பிய டேப் ரெக்கார்டரைத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போ, அங்கங்கே இருப்பவர்களைத் தங்கள் இடத்தைப் பற்றிப் பேசச் சொல். அவளும் மஞ்சள் பையில் அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். முப்பது நிமிடம் ஒரு பக்கம், இரண்டு பக்கமும் நிறைந்து கேசட் வந்தது.

டீக்கடை காதர் பாய் பேசியிருந்தார்: "ரயிலடிலேந்து நேரா வந்தா நம்ம கடைதான், அண்ணாத்த. நாஸ்தா துன்னாம தாண்டிப் போவக் கூடாது, ஆமா." அடுத்து பூக்காரி கண்ணம்மா: "வெள்ளம் வந்தப்போ தண்ணி இம்மாம் ஒசரம் நின்னுச்சி. இந்தா, செவுத்துல கோடு கீது பாரு." உடனே வள்ளியின் குரல்: "இன்னாத்த பாக்கறது? அது டப்பாடி. வாயால சொல்லு!" பினாங்கில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்தேன். ஒவ்வொருவர் சொன்ன அடையாளத்தையும் எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினோரு பேர்.

கடைசியாக வள்ளி தனக்கென்று ஏதோ சொன்னாள். "அண்ணாத்த, இன்னொண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள். நடுவில் இருமினாள். அது வழியைப் பற்றியது இல்லை என்பதால் எழுதவில்லை, காதிலும் சரியாக வாங்கவில்லை. இரண்டு நிமிடம் பத்து விநாடி. நேரத்தைக் குறித்திருக்கிறேன், பேச்சைக் குறிக்கவில்லை. ஜனவரியில் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

எங்களுக்குள் ஒரே கேசட் போய்வருவதுதான் வழக்கம். கேட்டபின் அதன் மேலேயே பதில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். நவம்பரில் ஒரு மாலை அப்படித்தான் பேசி அனுப்பினேன். டிசம்பரில் தந்தி வந்தது. வள்ளி போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் நான் பேசியது இருபத்தேழு நிமிடம். வள்ளியின் சொந்தப் பேச்சு தொடங்கியது அதற்குப் பிறகு. ஆகவே அது அழிந்திருக்காது. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் டிக்கெட்டை ரத்து செய்யாமல் நான் கப்பல் ஏறினேன்.

காதர் பாய் கடை சொன்ன இடத்திலேயே இருந்தது. நாஸ்தா சாப்பிடாமல் தாண்டிவிட்டேன். சுவரில் வெள்ளக் கோட்டைக் கண்டேன். என் நெஞ்சளவு இருந்தது. பதினோரு குரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கொண்டுபோய் வாசலில் விட்டன. யாரையும் வழி கேட்கவில்லை.

வள்ளியின் மகன் சேகர் கதவைத் திறந்தான். பெட்டியைக் கீழே வைக்காமலே கேசட் எங்கே என்று கேட்டேன். இரண்டாம் பக்கத்தைப் போட்டான். என் குரல்தான் வந்தது: எத்தனை மைல், எத்தனை தெரு, எத்தனை திருப்பம். இருபத்தேழாவது நிமிடத்தில் பேச்சு நின்றது. நாற்காலி நகரும் ஓசை. ஜன்னல் சாத்தும் ஓசை. பிறகு தகரக் கூரையில் மழை. சாரல் அடித்ததென்று எழுந்து போனவன் நிறுத்தும் பொத்தானை அமுக்க மறந்திருக்கிறேன். கேசட் முடியும்வரை மழை.

"இந்த மழைய அம்மா தெனம் கேக்கும், மாமா" என்றான் சேகர். "'அண்ணாத்த ஊட்ல மழை பேஞ்சிகினு கீது, பேசாம கேளுடா'ன்னும். நான் நிறுத்தப் போனா கைய தட்டி வுட்டுடும்."

வெளியே செங்கல்பட்டில் வெயில் ஏறிவிட்டது. உள்ளே பினாங்கு மழை பெய்துகொண்டிருந்தது. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னேன்.

புதுக் கேசட் ஒன்று வாங்கி அதில் பதில் பேசியிருக்கலாம். பினாங்கில் அன்று அதன் விலை அங்கத்துக் காசில் நாலரை வெள்ளி.