நிரம்பிக்கொண்டிருந்த ஸ்னாப்ஷாட்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. தல்லாகுளத்தில் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து போன். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பேசியது டெக்னீஷியன் செல்வி.

"அண்ணே... ஒரு ஃபோல்டரத் தெரியாம அழிச்சுட்டேன்ணே."

ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். ஒருவருடைய ஃபோல்டரை நீக்கப் போய் மற்றவருடையதை அழித்துவிட்டார். போனது ஒரு மூளை ஸ்கேன். ஆறு மாதத்துக்கு முன், சிகிச்சை தொடங்கும் முன்பு எடுத்தது. மறுநாள் அவருக்கு ஆபரேஷன். கட்டி எப்படி மாறியிருக்கிறது என்று சர்ஜன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம்தான். ஆறு மாதத்துக்கு முந்தைய தலைக்கு எங்கே போவது?

நான் போனபோது அந்த நோயாளியின் மனைவி வண்டியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு நேரமாகும் தம்பி? சாயங்காலத்துக்குள்ள படம் வேணும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"இந்தா ஆயிரும்க்கா" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

கையிலிருந்தது அன்று காலை ஆறு மணி ஸ்னாப்ஷாட். அதாவது, அந்த நிமிடத்தில் டிஸ்க் இருந்த நிலையைப் பிடித்து வைப்பது. இதில் இரண்டு வகை. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமே எடுப்பது ஒன்று — அதற்கு ஒவ்வொரு ஃபோல்டரும் தெரியும். வேண்டியதை மட்டும் சட்டென்று எடுக்கலாம். ஆனால் அந்த ஃபைல் சிஸ்டமே கெட்டால் கூடவே போய்விடும். இன்னொன்று அதற்கும் கீழே, வால்யூமை, அதாவது டிஸ்க்கில் பிரித்த அந்தப் பகுதியை, அப்படியே மொத்தமாகப் பிடிப்பது. மேலே எந்த ஃபைல் சிஸ்டம் இருந்தாலும் சரி. ஆனால் எது யாருடைய ஃபோல்டர் என்று அதற்குத் தெரியாது. நான் வைத்திருந்தது இரண்டாவது. முதல் வகைக்கு மாற சர்வரையே காலி செய்ய வேண்டும்... சோம்பல்.

ஒரே கட்டளையில் சர்வர் முழுவதையும் காலை ஆறு மணி நிலைக்குத் திருப்பிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன் எல்லாம் காணாமல் போகும். அந்த நோயாளிகளும் மனிதர்கள்தானே?

எனவே ஸ்னாப்ஷாட்டைத் தனியாகத் திறந்து அந்த ஃபோல்டரைத் தேட வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணைப் பார்த்தேன். ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடத்தில் தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பியிருந்தது. புதிதாக எழுதும் இடத்தில் முன்பிருந்ததை அது வாங்கி வைத்துக்கொள்வதால், புதிய ஸ்கேன் ஒவ்வொன்றும் அதை இன்னும் நிரப்பும். நூறைத் தொட்டால் ஸ்னாப்ஷாட்டே செல்லாது. கூட்டிக் கொடுக்க டிஸ்க்கில் இடமும் இல்லை.

சென்டரை நடத்தும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "மேடம், ஸ்கேன நிறுத்துங்க!"

"உள்ள ஆக்ஸிடென்ட் கேஸ் படுத்திருக்கு. எப்படி நிறுத்துறது?"

நான் அந்த எண்ணைச் சொன்னேன்.

"இது ஒண்ணு முடியட்டும். அதுக்கு மேல யாரையும் உள்ள விட மாட்டேன்" என்றார்.

ஃபோல்டர் கிடைத்தது. என் லேப்டாப்புக்குக் காப்பி போட்டேன். பக்கத்து அறையில் ஸ்கேன் ஓடுகிற சத்தம். தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றாறு. செல்வி என் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தொண்ணூற்றெட்டில் காப்பி முடிந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் இருந்தன. செல்வி அவற்றை ஒரு சிடியில் எழுதினார்.

வண்டியூர் அக்கா சிடியை வாங்கிப் பையில் வைத்து, "நல்லாயிருப்பீக தம்பி" என்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம்.

அவர் சிடியோடு கிளம்பியதும் டாக்டரம்மா கேட்டார்: "சரி, அந்த டிஸ்க்கே போயிருந்தா?"

எந்த வகை ஸ்னாப்ஷாட்டாக இருந்தாலும் அதே டிஸ்க்கில்தானே கிடக்கிறது! மறுநாளே தினசரி காப்பி ஒன்று கட்டடத்துக்கு வெளியே உள்ள இன்னொரு டிஸ்க்குக்குப் போகும்படி செய்தேன்.

என் லேப்டாப்புக்கு மட்டும் அப்படி ஒரு காப்பி இன்னும் வைக்கவில்லை... இந்தப் பத்தி அதில்தான் இருக்கிறது.