அத்தா அரைத்த கொண்டைக்கடலை

பள்ளி வேன் கவிழ்ந்து மூன்று நாளாகிறது. மகளுக்குச் சிராய்ப்புதான், ஆனாலும் சரியாகச் சாப்பிட மறுக்கிறாள். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இன்று மாலை வெந்த கொண்டைக்கடலையை எள், பூண்டு, எலுமிச்சைச் சாற்றோடு அரைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றினேன். அந்த வாசனையில் நான் பிறந்த லெப்பைக்குடிக்காட்டு வீட்டின் அடுப்படி மிதந்து வந்தது.

எனக்கு அப்போது ஆறு வயது. சவூதியில் சமையல் வேலை பார்த்த அத்தா மூன்று வருடம் கழித்து லீவில் வந்திருந்தார். யாரோ போலிருந்ததால் நான் அவர் பக்கத்திலேயே போகவில்லை. ஒரு சாயங்காலம் அவரே அம்மியில் கொண்டைக்கடலையை அரைத்து, அங்கிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயை ஊற்றினார்.

"புள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெயப் போயி திங்குறதுல ஊத்துறீங்களே!" என்று அம்மா சிரித்தார்.

"அங்க ஊருக்கே ஆக்கிப் போடுறேன். எம்புள்ள ஒருவாய் தின்னதில்லயே," என்றார் அத்தா.

சப்பாத்தித் துண்டில் தொட்டு என் பக்கம் நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் பொன்னாக மணிக்கட்டுவரை வழிந்தது. அவர் கையை இறக்கவேயில்லை. மெல்லப் போய் வாயில் வாங்கினேன். புளிப்பும் லேசான கசப்புமாக இருந்தது.

"நல்லாருக்காம்மா?"

"நல்லாருக்கு அத்தா."

நினைவு தெரிந்து நான் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அடுத்த துண்டைப் பிய்த்தார்.

இப்போது நான் நீட்டியதை மகள் மென்று விழுங்கினாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ சாப்பிடலயாம்மா?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பசித்தது.