பாம்புக்காது

என் அக்கா வீட்டுக்காரர் தகரப்பெட்டி செய்கிறவர். கீழே பட்டறை, மேலே மரப்பலகைத் தரை போட்ட ஒற்றை அறை வீடு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஆனால் மகள் பிறந்த பிறகு, தெருவில் போகிறவரை நிறுத்தி வைத்து அவளைப் பற்றிப் பேசுவார்.

ஆஸ்பத்திரியிலேயே நர்ஸம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். "ஒரு மாசத்துக்குள்ள காது டெஸ்ட் எடுத்துடுங்க. பிறவியிலயே கேக்கலைன்னா பார்த்தா தெரியாது."

மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "என் பொண்ணுக்கு என்ன குறை? நானே பார்த்துச் சொல்றேன்." கீழே போய், தூணோடு சேர்த்து அடித்த மேஜையில் தகரத்தை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார். மேலே பாயில் கிடந்த குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, இது பாம்புக்காது!" என்று கத்தினேன். அதுவே பட்டப்பெயராகிவிட்டது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா இரண்டு தடவை அந்தச் சீட்டோடு கிளம்பினாள். இரண்டு தடவையும் மாமா சுத்தியலை எடுத்தார், குழந்தை துள்ளியது, அக்கா செருப்பைக் கழற்றினாள்.

இரண்டு வயதில் பேச்சு வரவில்லை. அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்று சிரித்தோம். மூன்று வயதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாலு முடியும்போதுதான் டெஸ்டுக்குப் போனோம். ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தார்கள். அவள் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் ஏன் வரலை?" என்றார் டாக்டரம்மா. மாமா சுத்தியல் கதையைச் சொன்னார்.

"மரத்தரையா? அதிர்வு உடம்புல பட்டிருக்கு. காதுல ஒண்ணும் விழலை. பிறந்ததுலேர்ந்தே கேக்காது. காது மிஷினோ சைகை பாஷையோ, கைக்குழந்தையிலயே ஆரம்பிச்சிருக்கணும். இனியும் கத்துப்பா. ஆனா போன நாலு வருஷம் போனதுதான்."

அக்கா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். திட்டியிருந்தால்கூட மாமாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சைகைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல இவளுக்குச் சைகையில ஒரு பேர் கொடுக்கணும். தனக்குப் பேர் இருக்குன்னே தெரியலை."

"தினமும் கூப்பிட்டேனேம்மா," என்றார் மாமா. மகள் முன்னால் மண்டியிட்டு, வாயை அகலத் திறந்து, அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் எட்டி அவர் பற்களைப் பார்த்தாள்.